பழைய பெட்டிக்குள் புதிய இசை

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய ஸ்டீரியோ இருக்கிறது. 1979-ஆம் ஆண்டில் என் தந்தையார் தம்முடைய மூன்று மாதச் சம்பளத்துக்கு நிகரான தொகையைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கியது அது. மரச் சட்டமிட்ட ஆம்ப்ளிபையர் ஒன்று, அதன் இருபுறமும் இடுப்பளவு உயரமுள்ள ஒலிபெருக்கிகள் இரண்டு, மேலே இசைத்தட்டுச் சுழற்றி ஒன்று. இவ்வளவுதான் அந்தக் குடும்பம். மாடியறையிலே ஒரு சிறு கணிப்பொறி இருக்கிறது. தந்தையார் சேர்த்த இசைத்தட்டுக்களும், நான் சேர்த்த ஒலிநாடாக்களும், பின்னாளில் வாங்கிய குறுந்தட்டுக்களும் எண்களாக மாறி அதனுள் அடங்கிவிட்டன. 1984-இல் என் அன்னையார் தூளியை ஆட்டிக்கொண்டே பாடிய தாலாட்டு ஒன்றைப் பதிந்த நாடாவும் அவற்றுள் சேர்ந்தது. அந்த நாடாவின் காந்தப் பூச்சு உதிரத் தொடங்கிய அச்சத்தினாலேதான் இந்த வேலையையே நான் மேற்கொண்டேன்.

மாடியறைக்கும் கூடத்துக்கும் நடுவே பதினெட்டுப் படிகள் இருக்கின்றன. அவற்றை இறங்கி வருவதற்கு இசைக்கு எத்தனை பேருடைய உழைப்பு வேண்டியிருந்தது என்பதையும், அதைச் சுமந்து வந்த கருவிகள் எவ்வளவு விரைவில் மறைந்து போயின என்பதையும் மாணவ நண்பர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கூடத்திலிருந்தே தொடங்குவோம். ஒலிபெருக்கியின் முகத்துணியை நீக்கிப் பார்த்தால் காகிதத்தாலான ஒரு கூம்பு தெரியும். கூம்பின் அடியிலே மெல்லிய கம்பிச் சுருள். சுருளைச் சூழ்ந்து ஒரு காந்தம். சுருளிலே மின்சாரம் ஏறி இறங்கும்போது கூம்பு முன்னும் பின்னும் அசைகிறது, அந்த அசைவு காற்றை அசைக்கிறது, நாம் கேட்கிறோம். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்னும் இருவர் 1925-இல் இந்த அமைப்பைச் செம்மைப்படுத்தி வெளியிட்டார்கள். இன்று கடையிலிருந்து புதிதாக ஓர் ஒலிபெருக்கியை வாங்கிப் பிரித்துப் பார்த்தாலும் பெரும்பாலும் அதே கூம்பையும் அதே சுருளையும் அதே காந்தத்தையும்தான் காண்போம். ஆகையால், என் தந்தையாரின் பெட்டியைப் பழையது என்று சொல்வது முழுதும் பொருந்தாது.

ஒலிபெருக்கிகள் இரண்டு ஏன் என்பதற்கும் ஒரு கதை உண்டு. இங்கிலாந்தில் ஆலன் பிளம்லைன் என்னும் இளம் பொறியாளர் தம் மனைவியுடன் பேசும் படம் பார்க்கச் சென்றார். திரையிலே நடிகர் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்து போனாலும் குரல் மட்டும் ஒரே இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. இதை மாற்றும் வழி தமக்குத் தெரியும் என்று அவர் மனைவியிடம் சொன்னாராம். 1931 டிசம்பரில் அவர் பதிவு செய்த காப்புரிமையிலே ஸ்டீரியோ முறையின் அடிப்படை முழுவதும் அடங்கியிருந்தது. இரு செவிகளுக்கும் சிறிதே வேறுபட்ட ஒலிகளை அளித்தால், மனம் தானாகவே அவற்றை இணைத்து, ஒலி பிறந்த இடத்தை உருவாக்கிக்கொள்ளும். இடப்புற ஒலியும் வலப்புற ஒலியும் ஒன்றாகவே இருக்குமானால் அது நடுவிலிருந்து வருவதுபோல் தோன்றும். இரண்டு ஒலிகளையும் ஒரே பள்ளத்தில் பொறிக்கும் வழியையும் அவர் கண்டிருந்தார். ஆயினும் ஸ்டீரியோ இசைத்தட்டுக்கள் பொதுமக்கள் வாங்கும் பொருளாகக் கடைக்கு வருவதற்கு 1958 வரை ஆகிவிட்டது. பிளம்லைன் அதைக் காணவில்லை. 1942-இல், போர்க்கால ராடார்க் கருவி ஒன்றைச் சோதிக்கச் சென்ற விமானம் விழுந்து நொறுங்கியதில் அவர் மாண்டார். அப்போது அவருக்கு வயது 38.

இனி ஆம்ப்ளிபையரின் முதுகுப்புறத்தைப் பாருங்கள். அங்கே இரண்டிரண்டாக வட்டத் துளைகள் வரிசையாக இருக்கின்றன. இந்த வகைத் துளையையும் அதற்குரிய செருகியையும் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் 1930-களில் உருவாக்கியது. எதற்காக என்று நினைக்கிறீர்கள்? இசைத்தட்டுச் சுழற்றியை வானொலிப் பெட்டியோடு இணைப்பதற்காக! பழைய பெட்டி ஒன்றைப் புதிய இசையோடு பிணைக்க வேண்டிய தேவை அன்றைக்கே இருந்தது என்பதை எண்ணும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது.

இந்தத் துளைகளிடம் நான் ஒருமுறை அவமானப்பட்டேன். கணிப்பொறியிலிருந்து வந்த கம்பியை, இசைத்தட்டுக்கென்று குறித்திருந்த துளையிலே அவசரத்தில் செருகிவிட்டேன். பாட்டு இடி முழக்கமாகக் கரகரத்து வந்தது. பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். காரணம் எளிது. இசைத்தட்டின் ஊசியிலிருந்து வருவது வோல்ட்டில் சில ஆயிரத்தில் ஒரு பங்கே ஆன மிக நலிந்த மின்சாரம். அதைப் பன்மடங்கு பெருக்குவதற்கு அந்தத் துளையின் பின்னே தனிச் சுற்று ஒன்று இருக்கிறது. அன்றியும், இசைத்தட்டிலே கனத்த சுரங்களைக் குறைத்தும் நுண்ணிய சுரங்களை மிகுத்தும் பொறிப்பது வழக்கம்; 1954-இல் அமெரிக்கப் பதிவுத் தொழிலினர் இதற்கு ஒரே அளவை வகுத்தார்கள். அந்தச் சுற்று குறைத்ததை ஏற்றியும் மிகுத்ததை இறக்கியும் சமன் செய்கிறது. ஓரிரு வோல்ட்டு வலிமையோடு, எந்தக் குறையும் மிகையும் இல்லாமல் வருகின்ற இசையை அதற்குள் விட்டால் என்ன ஆகும்? இரைச்சல்தான் ஆகும். அடுத்த துளைக்கு மாற்றினேன். இசை இசையாக வந்தது. கம்பியின் மறு முனையில் இருப்பது நாடாவா, வானொலியா, கணிப்பொறியா என்று அந்தத் துளை கேட்கவில்லை. ஏறி இறங்கும் ஒரு மின் அலை வேண்டும்; அதற்கு வேறொன்றும் வேண்டியதில்லை.

ஆனால் மாடியறையில் இருப்பது அலை அன்று; எண். ஒலியலையின் உயரத்தை மிக விரைவாக, திரும்பத் திரும்ப அளந்து, அளவுகளை மட்டும் எண்களாகக் குறித்து வைத்தால், அந்த எண்களைக் கொண்டே அலையை மீண்டும் வரைந்துவிடலாம். இந்த எண்ணம் 1937-இல் பாரிஸ் நகரில் பணியாற்றிய அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலப் பொறியாளருக்கு உதித்தது. தொலைபேசிக்காக அவர் நினைத்தது அது. அதைச் செயலாக்கத்தக்க மலிவான கருவிகள் அன்று இல்லை. பிலிப்ஸ், சோனி என்னும் இரு நிறுவனங்கள் கூடி உருவாக்கிய குறுந்தட்டு, 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோதுதான் எண்முறை இசை வீட்டுக்குள் நுழைந்தது. அதிலே ஒவ்வொரு விநாடியும் ஒரு பக்கத்துக்கு 44,100 முறை அலை அளக்கப்படுகிறது. மனிதச் செவி ஏறக்குறைய 20,000 அதிர்வு வரை கேட்கும். அதைப்போல் இரு மடங்குக்குச் சற்று மேலாக அளந்தால் போதும் என்பது கணிதம் கண்ட முடிவு.

இப்படி அளந்தால் ஒரு மணி நேர இசைக்கு 63 கோடியே 50 இலட்சம் பைட்டுக்கள் தேவை. 1983-இல் வெளிவந்த ஐ.பி.எம். நிறுவனத்தின் எக்ஸ்.டி. கணிப்பொறியின் வட்டு ஒரு கோடி பைட்டுக்களைத்தான் கொள்ளும். ஒரே ஒரு கச்சேரியைச் சேமிக்க அத்தகைய கணிப்பொறிகள் அறுபதுக்கு மேல் வேண்டியிருந்திருக்கும்! ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்து ஃபிரான்ஹோஃபர் ஆய்வுக்கூடத்தார் செவிக்குப் புலப்படாத பகுதிகளை நீக்கி, இசையைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சுருக்கினார்கள். அம்முறைக் கோப்புகளுக்கு எம்.பி.3 என்ற பெயர் 1995-இல் வழங்கலாயிற்று. நீக்கியது நீக்கியதுதான், பின்னர் அதை மீட்க இயலாது. 2001-இல் வந்த ஃபிளாக் என்னும் முறையோ ஒரு புள்ளியும் இழக்காமல் ஏறத்தாழப் பாதியளவுக்குச் சுருக்குகிறது. என் அன்னையாரின் பாட்டை நான் இந்த முறையிலேதான் வைத்திருக்கிறேன். உதிர்ந்த நாடாவில் எஞ்சியிருந்ததே கொஞ்சம். அதிலும் இழக்க மனம் வரவில்லை.

எண்ணை வீட்டுக்குள் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு அனுப்புவது பெருங் காரியம் அன்று. 1999-இல் வகுத்த கம்பியில்லா வலையமைப்பே விநாடிக்கு ஒரு கோடியே பத்து இலட்சம் பிட்டு வரை செல்லும் என்று கணக்கிடப்பட்டது. சுருக்காத இசைக்கு வேண்டியதோ 14 இலட்சத்துச் சொச்சம். ஆனால் எண்கள் சீராக ஒழுகி வருவதில்லை. சிறு சிறு பொதிகளாக, விட்டு விட்டு வருகின்றன. நகராட்சிக் குழாயில் தண்ணீர் வந்தும் நின்றும் போனாலும், மேல்தளத்துத் தொட்டியில் நிரப்பிக்கொண்டால் வீட்டுக் குழாயில் சீராக விழுகிறதல்லவா? அதுபோலவே கூடத்துக் கருவி சில விநாடி இசையை முன்னதாகவே வாங்கி வைத்துக்கொண்டு சீராக வெளியிடுகிறது. எண்ணை அலையாக்கும் சில்லும் அதனுள் இருக்கிறது. கம்பியின் ஒரு முனை அதில். மறு முனை பழைய பெட்டியின் துளையில்.

இத்தகைய இடைக் கருவிகளின் வரலாறே இப்பேச்சில் நான் முக்கியமாகக் கருதும் பகுதி. 2001-இல் கலிபோர்னியாவின் ஸ்லிம் டிவைசஸ் என்னும் சிறு நிறுவனம் ஸ்லிம்பி3 என்ற கருவியை விற்கத் தொடங்கியது. பின்னர் அது ஸ்குவீஸ்பாக்ஸ் என்னும் பெயரோடு கம்பியில்லாக் கருவியாக வளர்ந்தது. 2006-இல் லாஜிடெக் நிறுவனம் அதை வாங்கியது; 2012-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆப்பிள் நிறுவனம் 2004-இல் சுவரிலே செருகத்தக்க ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் என்னும் கருவியை வெளியிட்டது. அதன் அடியில் ஸ்டீரியோவுக்கென்றே ஒரு துளை இருந்தது. 2018-இல் அதுவும் நின்றது. கூகுள் நிறுவனம் 2015-இல் 35 டாலர் விலையில் குரோம்காஸ்ட் ஆடியோ என்னும் வட்ட வில்லையைக் கொண்டு வந்தது. நான்கு ஆண்டுகள்கூட நிறையவில்லை. 2019 ஜனவரியில் அதன் தயாரிப்பும் முடிந்துவிட்டது. என் தந்தையாரின் பெட்டியோ இத்தனையையும் வரவேற்று, வழியனுப்பியும் விட்டது.

தயாரிப்பு நின்றாலும் வாங்கிய கருவி உழைக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். 2025 மார்ச்சு மாதத்தில் உலகெங்கும் குரோம்காஸ்ட் ஆடியோக்கள் ஒரே நாளில் மௌனமாயின. ஒரு பாகமும் தேயவில்லை. ஒரு கம்பியும் அறவில்லை. கருவி உண்மையானதுதான் என்று மெய்ப்பிக்கும் எண்முறைச் சான்றிதழின் காலம் கடந்துவிட்டது. அதனால் பாட்டை அனுப்பும் கைபேசி அதனை ஏற்க மறுத்தது. கூகுள் நிறுவனம் சில நாட்களில் குறையைத் திருத்தி அனுப்பியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் அந்தச் சில நாட்களை நான் மறக்கவில்லை. பழைய ஆம்ப்ளிபையரில் மின்தேக்கிகள் வற்றிப்போனால், சென்னை ரிச்சி தெருவில் சில ரூபாய்க்கு வாங்கி, ஈயப் பற்று வைத்து மாற்றிவிடலாம். நான் மாற்றியும் இருக்கிறேன். காலாவதியான சான்றிதழை எந்தத் தெருவில் வாங்குவது?

இதற்கு நேர்மாறான கதையும் ஒன்று உண்டு. ஸ்லிம் டிவைசஸ் நிறுவனத்தார் தம் கருவிக்கு இசை அனுப்பும் மென்பொருளின் மூலத்தை, யாரும் படித்துத் திருத்திக்கொள்ளும்படி முதலிலேயே வெளியிட்டிருந்தார்கள். ஆகவே 2012-இல் கருவி நின்றபோதும் மென்பொருள் நிற்கவில்லை. பல நாட்டு ஆர்வலர்கள் அதைப் பேணி வந்தார்கள். 2024-இல் நிறுவனம் தன் இணையச் சேவையையும் மூடியது. மென்பொருள் லிரியன் என்னும் புதுப் பெயர் பூண்டு நடமாடுகிறது. ஆப்பிள் கருவியின் வரலாறு இன்னும் விந்தையானது. அதனுள்ளே பூட்டி வைத்திருந்த மறைதிறவை 2011-இல் ஒரு பொறியாளர் பிரித்தெடுத்துப் பலரறிய வெளியிட்டார். அதன் பின்னர் எந்தச் சிறு கணிப்பொறியும் அக்கருவியைப்போல் நடந்துகொள்ள முடிந்தது. அவர் செய்தது முறைதானா என்று என் நண்பர் ஒருவர் என்னோடு இன்றும் வாதிடுவதுண்டு. என் பெட்டியின்மீதுள்ள பாசத்தால் நான் அவரோடு உடன்படுவதில்லை.

நான் கடைசியாகக் கைக்கொண்ட வழி இதுதான். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் மாணவர் பயிற்சிக்காகவே உருவாக்கி 2012-இல் வெளியிட்ட ராஸ்பெரி பை என்னும் கைத்தலம் அளவுள்ள கணிப்பொறி ஒன்றை வாங்கினேன். எண்ணை அலையாக்கும் சிறு பலகையொன்றை அதன்மேல் பொருத்தினேன். லிரியன் மென்பொருள் மாடியில் இயங்க, இது கூடத்தில் கேட்டு வாங்கிக்கொள்கிறது. இதற்கும் ஒருநாள் முடிவு வரும். அப்போது வேறொரு பலகையைச் செருகுவதற்குத் துளை காத்திருக்கும்.

முதன்முதலில் எதைப் போடுவது என்பதில் எனக்கு ஐயம் இருக்கவில்லை. தூளியில் அன்று உறங்கிய என் மகள், இன்று தன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் அமர்ந்திருந்தாள். மாடியிலே கணிப்பொறி எண்களை அனுப்பியது, சில விநாடி மௌனம், பிறகு நாடாவின் மெல்லிய இரைச்சல், தூளிக் கொக்கியின் கிரீச்சொலி, அதன்மேல் குரல். அது ஒரே ஒலிவாங்கியால் பதிந்த பழைய நாடா. ஆதலால் இடப்புறமும் வலப்புறமும் ஒரே எண்களே சென்றன. இரண்டு ஒலிபெருக்கிகளிலிருந்தும் வராமல், அவற்றின் நடுவே, ஒன்றுமில்லாத சுவரின் பக்கமிருந்து அன்னையார் பாடினார். குழந்தை ஒலிபெருக்கிகளைப் பார்க்கவில்லை. அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது.