31-வது இடத்தில் ஓர் அணி

2019 ஜனவரி 3, காலை. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில் அப்போது 31 அணிகள். புள்ளிப் பட்டியலின் 31-வது வரியில் இருந்த பெயர் செயின்ட் லூயிஸ் ப்ளூஸ். 37 ஆட்டங்களில் 15 வெற்றி, 34 புள்ளிகள். ஒரு சீசனுக்கு 82 ஆட்டங்கள் என்றால், கிட்டத்தட்ட பாதி ஓடிவிட்டது. அதே ஆண்டு ஜூன் 12 இரவு, இதே அணி லீகின் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தது.

இதை அதிசயம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறவர்கள் அநேகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் குளிர்காலத்தில் நிலைகுலையாமல் இருந்த சிலரின் உழைப்பை அந்தச் சொல் மறைத்துவிடுகிறது.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1967-ல் லீகை ஆறிலிருந்து பன்னிரண்டு அணிகளாக விரித்தார்கள். புதிதாக வந்த ஆறும் ஒரே பிரிவில் வைக்கப்பட்டதால், அவற்றில் ஒன்று நிச்சயமாக இறுதிச் சுற்றுக்குப் போகும். 1968, 1969, 1970 என மூன்று முறையும் போனது ப்ளூஸ்தான். இரண்டு முறை மான்ட்ரியல், ஒரு முறை பாஸ்டன். மூன்றிலும் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. 12 ஆட்டங்கள், 12 தோல்விகள். 1970 மே 10 அன்று கூடுதல் நேரத்தில் பாஸ்டனின் பாபி ஓர் கோல் அடித்துவிட்டு, இரு கைகளையும் விரித்துக் காற்றில் பறக்கும் புகைப்படம் ஐஸ் ஹாக்கியில் மிகப் புகழ்பெற்றது. அந்தப் படத்தில் தோற்று நிற்பது ப்ளூஸ். அதன்பிறகு 49 ஆண்டுகள் இறுதிச் சுற்றையே அந்த நகரம் பார்க்கவில்லை.

2018 கோடையில் பொது மேலாளர் டக் ஆர்ம்ஸ்ட்ராங் அணியைத் தாராளமாகப் பலப்படுத்தினார். பஃபலோவிலிருந்து ரயன் ஓ'ரைலி வந்தார். டேவிட் பெரோன் திரும்பி வந்தார். செயின்ட் லூயிஸ் மண்ணிலேயே பிறந்த பாட் மரூன் ஓராண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தார். காகிதத்தில் பலமான அணி. பனித்தளத்தில் வேறு கதை. நவம்பர் 19 அன்று, 19 ஆட்டங்களில் 7 வெற்றியோடு, பயிற்சியாளர் மைக் யோ நீக்கப்பட்டார். அவருக்குக் கீழ் இருந்த க்ரெய்க் பெரூபே தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். உடனே எல்லாம் சரியாகிவிடவும் இல்லை. டிசம்பரில் பயிற்சி நேரத்தில் ராபர்ட் போர்டுஸோவும் ஸாக் சான்ஃபோர்டும் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். அந்தக் காட்சி எல்லாச் செய்திகளிலும் வந்தது.

முன்னணி வீரர்களை விற்றுவிட்டு அணியை அடியிலிருந்து புதிதாகக் கட்டலாம் என்ற பேச்சு அப்போது பலமாக அடிபட்டது. ஆர்ம்ஸ்ட்ராங் விற்கவில்லை. இந்த வரலாற்றின் திருப்புமுனை எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். எந்தக் கோலையும் விட, அவர் செய்யாமல் விட்ட அந்தக் காரியம் பெரியது.

பெரூபே ஆயிரம் ஆட்டங்களுக்கு மேல் ஆடிய முரட்டு வீரர். தண்டனைப் பெட்டியில் மட்டும் 3,000 நிமிடங்களுக்கு மேல் கழித்தவர். அவர் கொண்டுவந்த ஆட்டமுறையில் நுணுக்க வித்தை எதுவும் கிடையாது. பக் எனப்படும் கறுப்பு ரப்பர் வட்டை எதிரணியின் எல்லைக்குள் தள்ளிவிட்டு, பின்னாலேயே பாய்ந்து சென்று முட்டிமோதி மீட்பது. பறிபோனால் ஐந்து பேரும் திரும்பி ஓடித் தடுப்பது. நட்சத்திரமோ புதியவனோ, விதி ஒன்றுதான். அணியின் மூத்த வீரரான அலெக்ஸாண்டர் ஸ்டீன் நான்காவது வரிசைக்கு இறக்கப்பட்டார். முகம் சுளிக்காமல் அங்கே ஆடினார். பின்னாளில் அந்த வரிசை எதிரணிகளுக்குப் பெரும் தலைவலியானது.

ஜோர்டன் பின்னிங்டன் வந்தது இந்தச் சமயத்தில். 2011-ல் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் மூன்றாம் சுற்றில் எடுக்கப்பட்ட கோல்கீப்பர். ஏழு ஆண்டுகள் கீழ்நிலை லீகுகளிலேயே காத்திருந்தார். இந்த சீசனுக்கு முந்தைய சீசனில் ப்ளூஸுக்கென்று தனியாக ஒரு துணை அணி இல்லாததால், பாஸ்டனின் துணை அணியான பிராவிடன்ஸுக்கு இரவலாக அனுப்பப்பட்டார். 25 வயதில், 2019 ஜனவரி 7 அன்று, பிலடெல்பியாவில் முதன்முறையாகத் தொடக்கக் கோல்கீப்பராகக் களம் இறங்கினார். முடிவு 3-0. ஒரு கோலும் விடவில்லை. அந்த சீசனில் அவர் தொடங்கிய 30 ஆட்டங்களில் 24 வெற்றி.

பின்னிங்டனின் அந்த முதல் ஆட்டத்துக்கு முந்தைய இரவு, பிலடெல்பியாவில் ஒரு மதுக்கூடத்தில் சில ப்ளூஸ் வீரர்கள் அமெரிக்கக் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாரா பிரானிகன் 1982-ல் பாடிய 'குளோரியா' ஒலித்தபோதெல்லாம் கூட்டம் ஆர்ப்பரித்தது. வீரர்களுக்கு அது பிடித்துப்போய், தங்கள் வெற்றிப் பாட்டாக்கிக்கொண்டார்கள். சில வாரங்களில் செயின்ட் லூயிஸ் நகரமே அதைப் பாடியது.

ஜனவரி பிற்பகுதியில் தொடங்கிய வெற்றி வரிசை 11 ஆட்டங்கள் நீண்டது. அணியின் வரலாற்றிலேயே அதிகம். கடைசி 45 ஆட்டங்களில் 30 வெற்றி. 99 புள்ளிகளோடு பிரிவில் மூன்றாம் இடம் பிடித்து பிளேஆஃப் சுற்றுக்குள் நுழைந்தார்கள். வின்னிபெக் ஆறு ஆட்டங்களில் வீழ்ந்தது. டல்லஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டம் இரண்டாவது கூடுதல் நேரம் வரை போனது. முடித்துவைத்த கோல், சொந்த ஊர்க்காரர் மரூனுடையது. அடுத்து சான் ஹோசே. மூன்றாம் ஆட்டத்தில், கையால் தள்ளிய பக்கில் விழுந்த சான் ஹோசேயின் கோலை நடுவர்கள் கவனிக்காமல் செல்லும் என்று அறிவித்துவிட்டார்கள். அநியாயம்தான். ஆனால் பெரூபே அதைப் பேசிக்கொண்டிருக்க விடவில்லை. அடுத்த மூன்று ஆட்டங்களையும் ப்ளூஸ் வென்றது.

இறுதிச் சுற்றில் எதிரே பாஸ்டன். முதல் ஆட்டம் தோல்வி. இறுதிச் சுற்றுகளில் தொடர்ந்து 13-வது தோல்வி. இரண்டாவது ஆட்டம் 2-2 எனக் கூடுதல் நேரத்துக்குப் போனது. இடைவேளையில் கழிப்பறையில் பெரூபேயைப் பார்த்த கார்ல் குனார்சன், இன்னும் ஒரு வாய்ப்புக் கிடைத்தால் போதும் என்றாராம். சற்று முன்புதான் அவர் அடித்த பக் கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியிருந்தது. வாய்ப்புக் கிடைத்தது, கோல் விழுந்தது. இறுதிச் சுற்றில் ப்ளூஸின் முதல் வெற்றிக்கு 51 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மூன்றாம் ஆட்டத்தில் சொந்த அரங்கிலேயே 7-2 என நொறுங்கினார்கள். அடுத்த இரண்டையும் வென்று மீண்டார்கள். ஆறாவதில் மறுபடி தோற்றார்கள். ஏழாவது ஆட்டம் பாஸ்டனில். முதல் இருபது நிமிடங்கள் பாஸ்டன்தான் ஆடியது: 12 அடிகளுக்கு ப்ளூஸ் அடித்தவை 4. அந்தப் பன்னிரண்டையும் பின்னிங்டன் தடுத்தார். ப்ளூஸ் அடித்த நான்கில் இரண்டு கோல்! ஓ'ரைலி ஒன்று, அந்தப் பகுதியின் கடைசி எட்டு விநாடிகளில் கேப்டன் அலெக்ஸ் பியெட்ராஞ்செலோ ஒன்று. பிறகு அணியின் இன்னொரு வீரர் ஷென் மூன்றாவதை அடித்தார். நான்காவது கோல், டிசம்பரில் சக வீரனோடு சண்டை போட்ட அதே சான்ஃபோர்டுடையது. 4-1. பிளேஆஃப் சுற்றின் சிறந்த வீரர் விருது ஓ'ரைலிக்கு.

ஜூன் 15 அன்று செயின்ட் லூயிஸின் மார்க்கெட் தெருவில் வெற்றி ஊர்வலம் நடந்தது. 1967-ன் முதல் அணியில் ஆடி, அந்த 12 தோல்விகளின் காலத்தைக் களத்திலிருந்தே கண்டு, அதன்பின்னும் ஆயுள் முழுக்க அந்த அணியோடே இருந்த பாப் ப்ளேகர் அதில் வந்தார். சாவதற்கு முன் இப்படி ஓர் ஊர்வலத்தைப் பார்க்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். 2021 மார்ச்சில் ஒரு சாலை விபத்தில் ப்ளேகர் காலமானார்.

(தொடரும்)