கயானா டிராஜடி (திரைப்படம்)

கயானா டிராஜடி: த ஸ்டோரி ஆப் ஜிம் ஜோன்ஸ் 1980 ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்கத் தொலைக்காட்சித் திரைப்படமாகும். வில்லியம் ஏ. கிரகாம் இயக்கிய இப்படம், சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஏப்ரல் 15, 16 ஆம் நாட்களில் இரு பகுதிகளாக ஒளிபரப்பப்பட்டது. மக்கள் கோயில் என்னும் சமயக் குழு 1978 இல் கயானா நாட்டில் அழிந்ததை இது சித்தரிக்கின்றது. நிகழ்வின்போது காயமடைந்த வாசிங்டன் போஸ்ட் செய்தியாளர் சார்லசு கிராசு எழுதிய நூலைத் தழுவி, எர்னசுட் டைடிமன் திரைக்கதை அமைத்தார்.

வரலாற்றுப் பின்னணி

ஜிம் ஜோன்ஸ் 1950களில் இண்டியானாபொலிசு நகரில் இக்குழுவைத் தொடங்கினார். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே அவையில் அமர்ந்து வழிபடுவது அரிதாக இருந்த காலம் அது. ஏழைகளுக்கு உணவளித்தல், முதியோரைப் பராமரித்தல் முதலிய பணிகளால் பலர் ஈர்க்கப்பட்டனர். அதே மேடையில், கோழியின் உள்ளுறுப்புகளைக் காட்டிப் புற்றுக்கட்டியை அகற்றியதாகப் போலி அற்புதங்களும் நிகழ்த்தப்பட்டன. பின்னர் குழு கலிபோர்னியாவுக்கும், அங்கிருந்து கயானாவின் காட்டுப்பகுதியிலிருந்த ஜோன்ஸ்டவுன் குடியிருப்புக்கும் இடம்பெயர்ந்தது.

உறுப்பினர் சிலர் விருப்பத்திற்கு மாறாகத் தடுத்து வைக்கப்பட்டுள்ளனர் என்ற முறையீட்டை விசாரிக்க அமெரிக்கக் காங்கிரசு உறுப்பினர் லியோ ரயன் அங்கு சென்றார். 1978 நவம்பர் 18 அன்று, வெளியேற விரும்பியவர்களுடன் திரும்புகையில், போர்ட் கைட்டுமா விமான ஓடுபாதையில் அவரும் மேலும் நால்வரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அன்றே ஜோன்ஸ்டவுனில் 909 பேர் இறந்தனர். பெரும்பாலானோர் சயனைடு கலந்த பானத்தால் மாண்டனர். ஜோன்ஸ் தலையில் குண்டு பாய்ந்து இறந்து கிடந்தார். இது "கூட்டுத் தற்கொலை" என்றே பரவலாகக் குறிப்பிடப்படுகின்றது. எனினும் இறந்தவர்களில் ஏறத்தாழ 300 பேர் சிறுவர்கள் என்பதால் அச்சொல் முற்றிலும் பொருந்தாது. குழந்தைகள் வாழவேண்டும் என ஒரு பெண் ஜோன்சுடன் வாதிட்டதும், கூட்டத்தினர் அவரை அடக்கியதும் அன்றைய ஒலிநாடாவில் பதிவாகியுள்ளன.

திரைப்படம்

ஜோன்சை முதற்காட்சியிலிருந்தே கொடியவராகக் காட்டாதது படத்தின் சிறப்பு எனலாம். இனப்பாகுபாட்டை எதிர்க்கும் இளம் போதகர், அதிகாரத்தாலும் போதைப்பொருளாலும் படிப்படியாகச் சிதைவதை பவர்ஸ் பூத் நடித்துக் காட்டியுள்ளார். மனைவி மார்சலினாக வெரோனிகா கார்ட்ரைட், ரயனாக நெட் பீட்டி, போதகர் பாதர் டிவைனாக ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் ஆகியோர் நடித்துள்ளனர். இதே நிகழ்வைப் பற்றி, பெயர்களைச் சற்றே மாற்றி ரெனே கார்டோனா (இளையவர்) இயக்கிய மெக்சிக்கப் படம் அதிர்ச்சிக் காட்சிகளையே பெரிதும் நம்பியிருந்தது.

விருது

பூத் 1980 ஆம் ஆண்டுக்கான சிறந்த நடிகர் எம்மி விருதைப் பெற்றார். அப்போது நடிகர் சங்க வேலைநிறுத்தம் நடைபெற்றதால் பிற நடிகர்கள் விழாவைப் புறக்கணித்தனர். விருது வென்ற நடிகர்களுள் நேரில் வந்து பெற்றுக்கொண்டவர் இவர் ஒருவரே.