ஓடினால் போதுமா? நிற்க வேண்டாமா!

மலர்க் குழுவினர் "ஏதாவது வரலாறு எழுதுப்பா" என்று கேட்டார்கள. சோழர், பல்லவர் பற்றி எழுத நம் சங்கத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. எனக்குத் தெரிந்த வரலாறு என் வண்டிக்கு அடியில்தான் கிடக்கிறது.

வண்டி, 2004-ஆம் வருட ஃபோர்டு ஐகான் 1.6. ஐகான் 1999-ல் மறைமலைநகரில் பிறந்த ரகம். குடும்ப செடான் உடம்பு, அதற்குக் கொஞ்சம் அதிகப்படியான எஞ்சின். அந்தக் காலத்து இளவட்டங்களுக்கு அதுவே ஸ்போர்ட்ஸ் கார்! 2011-ல் அதன் உற்பத்தி நின்றது. இன்றும் பழைய ஐகானைத் தேடி வாங்கும் நம் ஜூனியர்கள் முதலில் கை வைப்பது சைலன்சரில்தான். பிரேக்கை யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

நம் பேட்ச் நண்பன் ஒருவன் மனைவி, குழந்தைகளோடு ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது, பாதி வழியில் பெடல் தரையோடு போய்விட்டது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து எப்படியோ நிறுத்திவிட்டான். கழற்றிப் பார்த்தால் பேட் நன்றாகவே இருந்தது. பிரேக் ஆயில்தான் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். மலை இறக்கத்துச் சூட்டில் ஆயில் கொதித்தால் குமிழி வரும். அப்புறம் நாம் மிதிப்பது குமிழியைத்தான், பேட்டை அல்ல. ஹேண்ட் பிரேக் கேபிளில் வேலை செய்வதால் பிழைத்தான்.

மிதிக்கும் விசையைத் திரவத்தின் வழியாகச் சக்கரத்துக்கு அனுப்பும் யோசனை அமெரிக்கர் மால்கம் லாக்ஹீடுடையது. 1921-ல் டூசன்பர்க் கார் நான்கு சக்கரத்துக்கும் அதைப் பொருத்தியது. (விமான லாக்ஹீடும் இந்தச் சகோதரர்கள் தொடங்கியதுதான்.) டிஸ்க் பிரேக் இன்னும் பழசு. 1902-லேயே இங்கிலாந்தின் லான்செஸ்டர் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் தாமிர பேட் ஊரையே கூட்டும் அளவுக்குக் கத்தியது, சீக்கிரம் தேய்ந்தது. டிரம் பிரேக் காலம் நீண்டது. டிரம் சூடானால் விரிந்து ஷூவை விட்டு விலகும். டிஸ்க்குக்கு அந்தத் தொல்லை கிடையாது. 1953-ல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார்கள் முதலிரண்டு இடங்களைப் பிடித்த பிறகுதான் உலகம் நம்பியது.

எனக்குப் பிடித்த ஆள் ஏர்ல் மெக்ஃபர்சன். ஜெனரல் மோட்டார்ஸில் செவர்லே கேடெட் என்ற சின்னக் காருக்காக உழைத்தார். 1947-ல் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். மனுஷன் ஃபோர்டுக்குப் போய்விட்டார்! 1950-ல் லண்டன் கண்காட்சிக்கு வந்த ஃபோர்டு கான்சல், செஃபிர் கார்களில் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் இரண்டையும் ஒரே காலாக்கி, கீழே ஓர் ஆர்ம் மட்டும் வைத்தார். செலவு குறைவு, இடமும் மிச்சம். என் ஐகானின் முன்பக்கம் நிற்பதும் அதே காலில்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் கால் பாரம் தாங்குவதோடு சக்கரத்தின் நிலையையும் பிடித்துக்கொள்கிறது. அதனால் ஷாக் தளர்ந்தாலோ, லோயர் ஆர்ம் புஷ் வெடித்தாலோ வண்டி குலுங்குவதோடு நிற்காது. பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கமாக இழுக்கும். புது புஷ் போட்டால், போல்ட்டைக் கடைசியாக இறுக்கும்போது வண்டியின் எடை சக்கரத்தில் இருக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சில மாதத்தில் கிழியும். பல பட்டறைகளில் இதை யாரும் செய்வதில்லை, பக்கத்தில் நின்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஷாக் மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள். டிஸ்க் எவ்வளவு மெலியலாம் என்பதைப் பெரும்பாலும் அதிலேயே பொறித்திருப்பார்கள். கேலிப்பரைப் பிடிக்கத்தான் நமக்கு முதல் வருட லேபிலேயே சொல்லிக் கொடுத்தார்களே!

ஆயிலை நான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். பிளீட் செய்யும்போது பெடல் மிதிக்க இன்னொரு ஆள் வேண்டும். இப்போது அந்த உத்தியோகம் என் மனைவிக்கு. சந்திப்புக்குப் பழைய வண்டியில் வருகிறவர்கள் சொல்லுங்கள், ஜாக்கியும் ஸ்டாண்டும் டிக்கியிலேயே கொண்டு வருகிறேன்.