கீஸ்பெரியின் ஆலயமும் அச்சுக்கூடமும்

சிங்கப்பூர் பிரின்செப் தெருவில் நிற்கும் பிரஸ்பிட்டேரியன் தேவாலயத்தின் செங்கல் கட்டடம் 1931-இல் எழுந்தது. ஆனால், 1843-லேயே அங்கே ஒரு சிற்றாலயம் இருந்தது. அதில் வழிபாடு நடந்த மொழி மலாய். அதனை நிறுவிய பெஞ்சமின் கீஸ்பெரி, ஐதராபாத்தில் பிறந்தவர். இலண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியர்.

1847-இல் அச்சங்கம் தன் கவனத்தைச் சீனாவின்பால் திருப்பிச் சிங்கப்பூர்ப் பணியைக் கைவிட்டது. கீஸ்பெரி சங்கத்தினின்று விலகி இங்கேயே தங்கிவிட்டார். சங்கத்தின் ஊதியம் இல்லை. அச்சுத் தொழிலும் ஆசிரியப் பணியுமே அவரைத் தாங்கின. அவருடைய பள்ளி மாணவர்கள் எழுத்தறிவோடு அச்சுக்கோக்கவும் புத்தகம் கட்டவும் கற்றனர். பின்னாளில் ஜொகூர் சுல்தானான அபு பக்கரும் அவரிடம் பயின்றவரே. கைத்தொழிலையும் கல்வியையும் பிரித்துப் பார்க்காத அந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கீஸ்பெரிக்கு மலாய் கற்பித்தவர் முன்ஷி அப்துல்லா. இவர் இளமையில் மலாக்காவில் தமிழும் பயின்றவர்; அக்கால வணிகத்திற்குத் தமிழ் தேவைப்பட்டது. (இதை நம் மாணவர்களிடம் அவசியம் கூறுங்கள்!) இறுதிவரை இஸ்லாமியராகவே வாழ்ந்த அவரது தன்வரலாறு, 1849-இல் கீஸ்பெரியின் துணையோடு கல்லச்சில் வெளிவந்தது.

1875-இல் கீஸ்பெரி மறைந்தபின் பிரஸ்பிட்டேரியன் சபை பொறுப்பேற்றது. மலாய் பேசிய பெரானாக்கான் சீனர்கள் அங்கே திரளாகக் கூடினர். அச்சபையின் மூப்பரான சோங் ஓங் சியாங், லிம் பூன் கெங்குடன் இணைந்து 1899-இல் சீனப் பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். பெண்பிள்ளைகளுக்குப் படிப்பெதற்கு என்று பலர் கேட்ட காலம் அது.