ஆங்கில இயைபு அகராதி

ஒரே ஒலியில் முடியும் ஆங்கிலச் சொற்களை ஓரிடத்தில் திரட்டித் தரும் நூல்வகை. 'ரைம்' என்பதை எதுகை என்று சொல்லிவிடுவது வழக்கம். ஆனால் எதுகை இரண்டாம் எழுத்தில் ஒன்றுவது. அடியின் இறுதியில் ஒன்றுவதற்குத் தமிழ் யாப்பு வைத்த பெயர் இயைபு. ஆங்கிலத்தில் விதி சற்று இறுக்கம். சொல்லில் கடைசியாக அழுத்தம் விழும் உயிரொலி தொடங்கி இறுதிவரை ஒலி மாறக்கூடாது. அந்த உயிருக்கு முன் நிற்கும் மெய் மாறியாக வேண்டும். நேஷனும் ஸ்டேஷனும் இயைவது இப்படித்தான்.

பழைய ஆங்கிலப் பாட்டு பெரும்பாலும் மோனையில் நடந்தது. இலத்தீன் துதிப்பாடல்களும், 1066-க்குப் பின் நார்மானியரோடு வந்த பிரெஞ்சும் இயைபைப் பழக்கின. 14-ஆம் நூற்றாண்டில் கவிஞர் சாசர் எழுதியபோது அது நிலைத்துவிட்டது. அகராதி வர மேலும் நெடுங்காலம் பிடித்தது. சீனத்தில் 'சியெயுன்' என்ற இயைபு நூல் 601-லேயே தொகுக்கப்பட்டிருந்தது. ஆங்கிலத்துக்கு முதலாவது, 1570-இல் பீட்டர் லெவின்ஸ் வெளியிட்ட 'மானிபுலஸ் வொக்காபுலோரம்'. ஆங்கிலச் சொற்களை ஈற்றின்படி அடுக்கி, எதிரே இலத்தீன் பொருள் தந்த நூல் இது. சொல்வளம் தேடும் மாணவருக்கும், ஆங்கிலத்தில் செய்யுள் எழுதுவோருக்கும் என்று தலைப்புப் பக்கமே சொன்னது. ஓசையும் பொருளும் ஒரே வரியில் கிடைத்த அந்த வசதியைப் பின்வந்த பல நூல்கள் கைவிட்டன.

1657-இல் ஜோஷுவா பூலின் 'இங்லிஷ் பர்னாசஸ்', 1702-இல் எட்வர்ட் பிஷின் 'ஆர்ட் ஆஃப் இங்லிஷ் போயட்ரி' ஆகியவை இயைபுப் பட்டியலைக் கவிதைக் கையேட்டின் ஒரு பகுதியாக வைத்தன.

இத்துறையில் நிலைத்த பெயர் ஜான் வாக்கர் (1732–1807). நடிகராயிருந்து பேச்சுக்கலை ஆசிரியரானவர். 1775-இல் அவர் வெளியிட்ட அகராதியில் சொற்கள் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி அகரவரிசைப்படுத்தப்பட்டிருந்தன. சுருக்கமாகப் பொருளும் உண்டு. ஒரே விகுதி பெற்ற சொற்களெல்லாம் அடுத்தடுத்து நிற்பதால் இது மொழியியலாருக்கும் குறுக்கெழுத்துப் பிரியர்களுக்கும் உதவியது. கவிஞருக்கு அதே அளவு உதவியதா என்பது ஐயமே. டஃப் (கடினம்), காஃப் (இருமல்), தோ (ஆயினும்), த்ரூ (ஊடாக), பௌ (கிளை) ஆகிய ஐந்துக்கும் ஓ-யு-ஜி-எச் என்பதே வால். காதுக்கோ ஒன்றோடொன்று ஒட்டாது. வாக்கருக்கு இது தெரியும். அதனால்தான் முழு இயைபு எவை, ஏற்கத்தக்க இயைபு எவை என்று தனி அட்டவணை சேர்த்தார். கவிஞர் பைரன் 1818-இல் 'பெப்போ' என்ற கவிதையில் இந்த அகராதியைப் பெயர் சொல்லியே கேலியாக இழுத்திருக்கிறார். கேலி செய்யும் அளவுக்கு அது எல்லோர் மேசையிலும் இருந்தது என்று கொள்ளலாம்.

கண்ணுக்கும் காதுக்கும் இந்தப் பிணக்கு வரக் காரணம் உண்டு. 1476-இல் காக்ஸ்டன் இங்கிலாந்துக்கு அச்சைக் கொண்டுவந்த பிறகு எழுத்துக்கூட்டல் மெல்ல உறைந்தது. அதே காலத்தில் நெடில் உயிர்கள் இடம்பெயர்ந்துகொண்டிருந்தன. எழுத்து நின்றது, ஒலி நகர்ந்தது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் போப், டீயை 'ஒபே' (கீழ்ப்படி) என்ற சொல்லோடு இயைத்தார். அது பிழையன்று, அன்று டீயை நம் தேயிலையின் 'தே' போலவே ஒலிப்பதும் உண்டு. 'ரைம்' என்ற சொல்லின் கதை இதற்குத் தலைகீழ்: எளிய எழுத்தில் இருந்ததை, 'ரிதம்' என்பதன் கிரேக்க மூலத்தோடு குழப்பிக்கொண்ட படிப்பாளிகள் எச்சும் வையும் செருகிச் சிக்கலாக்கினர். அதனால் ஒலி மாறவில்லை.

தமிழ் எழுத்தில் இந்தத் தொல்லை குறைவு. சூடாமணி நிகண்டின் 11-ஆம் தொகுதி எதுகை வரிசையில் அமைந்தது. வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) நான்காம் பிரிவாக எதுகைச் சொற்களுக்கான தொடையகராதியையே கொண்டிருந்தது. எழுத்தைப் பார்த்து அடுக்கினாலே ஓசையும் வரிசைக்கு வந்துவிடும்.

ஆங்கிலத்தில் ஒலிக்கு முதலிடம் தந்த நூல்களில் பெரிதும் புழங்கியது கிளெமன்ட் வுட்டின் 1936-ஆம் ஆண்டுத் தொகுப்பு. கடைசி அசை மட்டும் ஒத்தவை, ஈரசை ஒத்தவை, மூவசை ஒத்தவை எனப் பிரித்து, உயிரொலி வரிசையில் அடுக்கினார். பொருள் கிடையாது, வெறும் சொற்கள். தெரியாத சொல்லுக்கு இன்னோர் அகராதியைப் புரட்ட வேண்டும். மாதத்தைக் குறிக்கும் 'மன்த்' போன்றவற்றுக்கு முழு இயைபே இல்லை. வெள்ளியின் 'சில்வர்' தனிச்சொல் என்பார்கள். பெண் ஆட்டுக்குட்டியைக் குறிக்கும் 'சில்வர்' (முதலெழுத்தைச் 'சர்ச்' போல் அழுத்திச் சொல்ல வேண்டும்) அதற்கு இணை. பொருள் தரும் அகராதியின் அருமை இங்கேதான் தெரியும்.

கணினிக் காலத்தில் பெரிதும் பயன்படும் மூலம், அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக உச்சரிப்பு அகராதி. 1,30,000-க்கும் மேற்பட்ட சொற்களின் ஒலிக்குறிகளும் அழுத்தமும் அதில் உள்ளன. கடைசி அழுத்த உயிரிலிருந்து குறிகளை ஒப்பிட்டால் இயைபு நொடியில் கிடைக்கும். எழுத்துக்கூட்டல் குறுக்கே வராது. ஆனால் அதன் காது அமெரிக்கக் காது. 'டான்' (விடியல்), 'மார்ன்' (காலை) இரண்டும் 'ர்' ஒலியை விழுங்கும் லண்டன்காரருக்கு இயையும். அந்த அகராதியில் ஒன்றைத் தேடினால் மற்றது வராது.