கயிறு பிடிக்கிறவர் யாரு? முத்துச்சலாபம் முதல் டைவ் ஷாப் வரை

மறைமலைநகர்ல உட்கார்ந்துக்கிட்டு கடலுக்கடியில போறதைப் பத்தி எழுதுறானேன்னு சிரிக்காதீங்க. செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியா வண்டியை விட்டா ஒரு மணி நேரத்துல மாமல்லபுரம் கடற்கரை. 2002ல் கோவாவிலிருக்கும் தேசிய கடலியல் நிறுவனமும் ஒரு இங்கிலாந்துக் குழுவும் சேர்ந்து, கடற்கரைக் கோயிலுக்கு நேர் எதிரே மூழ்கி, செதுக்கிய கற்களையும் சுவர் மாதிரியான அமைப்புகளையும் பார்த்துவிட்டு வந்தார்கள். ஆழம் என்னவோ 5 முதல் 8 மீட்டர்தான். அதைப் படித்த நாளிலிருந்து எனக்கும் ஒரு ஆசை. கடைசியில் போன வருஷம் ஸ்கூபா கற்றுக்கொண்டேன்.

கற்றுக்கொண்டதும் அடுத்த வியாதி, சொந்தமா சாமான் வாங்குவது. ஈசிஆர் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் ரெண்டு மணி நேரம் எனக்காகவே செலவழித்தார். மாஸ்க்கை வார் மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் உறிஞ்சினால் கீழே விழாமல் நிற்கணும், அதுதான் அளவு சரியா இருக்குன்னு அர்த்தம் என்றார். மிதவை ஜாக்கெட்டை மாட்டிவிட்டு, முழுக்கக் காற்று நிரப்பி, மூச்சு விட முடியுதான்னு கேட்டார். ரெகுலேட்டரை சிலிண்டரில் பூட்டுவதில் கிளாம்ப் வகை, டின் வகை என்று இரண்டு உண்டு, நம்ம ஊர்ல எங்கே எது கிடைக்கும்னு சொன்னார். நான் எல்லாத்துக்கும் தலையாட்டி, மாடல் நம்பரை நைசா போன்ல குறித்துக்கொண்டு, "வீட்ல கேட்டுட்டு வரேன்ணே" என்று கிளம்பி வந்தேன்.

வீட்ல எங்க கேட்டேன்? அன்னிக்கு ராத்திரியே வெளிநாட்டு இணையக் கடையில் ஆர்டர் போட்டு, ஊருக்கு வந்த நண்பன் பெட்டியில் ரெகுலேட்டர் வந்து சேர்ந்தது. கால்வாசி விலை மிச்சம். என்னைவிட புத்திசாலி செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இல்லைன்னு நினைப்பு.

ஆறு மாசத்தில் அது வாயிலிருந்து எடுத்தாலும் நிற்காமல் காற்றைக் கொட்ட ஆரம்பித்தது. சர்வீஸ் பண்ண பக்கத்தில் வேற ஆள் இல்லை. தூக்கிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். அண்ணன் பார்த்தவுடனே கேட்டார்:

"வாங்க தம்பி. வீட்ல என்ன சொன்னாங்க?"

அந்தக் கேள்விதான் என்னை இந்த ஆராய்ச்சியில் தள்ளியது. கடலுக்குள்ள இறங்குறவனுக்கும் கரையில உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவனுக்கும் நடுவுல இருக்கிற இந்த நாணயப் பிரச்சினை இன்னிக்கு நேத்து வந்ததா? இல்லவே இல்லை. நம்ம மன்னார் வளைகுடாவில் இது பல நூற்றாண்டுப் பஞ்சாயத்து.

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ முத்துக்குளிப்பை விவரமாகச் சொல்லியிருக்கிறார். வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்து மூழ்குகிறவர்களைக் கூலிக்குப் பிடிப்பார்கள். கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. பெரிய மீன்கள் கடிக்காமல் மந்திரம் போட்டுக் கட்டுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. சுறா கட்டும் இந்தக் 'கடல்கட்டி' ஆட்கள் வெள்ளைக்காரன் காலம்வரை இருந்தார்கள். நம்பிக்கை இல்லாத துரைமார்களே சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டார்கள். ஏன்னா அவர்கள் கரையில் நிற்காவிட்டால் குளியாட்கள் கடலில் இறங்க மாட்டார்கள். இன்னிக்கு மொழியில் சொன்னா, அதுவும் ஒரு சர்வீஸ் சார்ஜ்.

சாமான் என்று பார்த்தால் அந்தக் காலத்தில் ஒண்ணுமே கிடையாது. ஒரு கல், ஒரு கயிறு, ஒரு வலைக்கூடை. கல்லில் கால் வைத்தால் அது அடிக்கு இழுத்துக்கொண்டு போகும். ஒரு நிமிஷம் போல சிப்பியை வாரிக் கூடையில் போட்டுவிட்டுக் கயிற்றை இழுத்தால் மேலே இருப்பவர் தூக்குவார். இந்தக் கயிறு பிடிக்கிற வேலையை மச்சானிடம்தான் கொடுப்பார்கள் என்று ஒரு கதை உண்டு, நீங்களும் கேட்டிருப்பீர்கள். தம்பி கயிறு பிடித்தால் சொத்துக்கு ஆசைப்படலாம். மச்சான் பிடித்தால் அக்கா தாலிக்காகவாவது இழுப்பானாம். மலை ஏறினாலும் மச்சான் தயவு வேணும்னு சொல்றது கடலில் இறங்கினாலும் பொருந்தும். ஆளோட குணத்தை நம்பறதை விட, அவனுக்கு நஷ்டம் வருகிற இடமாப் பார்த்து நம்பியிருக்காங்க. நம்ம ஆளுங்க விவரமானவங்க!

ஆனால் நான் அசந்துபோனது பங்கு பிரிக்கிற முறையைப் படித்தபோதுதான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையின் மன்னார் கரையில் நடந்த சலாபங்களில் அரசாங்கத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு, குளியாட்களுக்கு ஒரு பங்கு. அநியாய வரிதான், அது வேற விஷயம். படகு வந்ததும் சிப்பி மொத்தமும் 'கொட்டு' என்கிற பெரிய அடைப்புக்குள் போகும். அங்கே சிப்பியை மூணு குவியலாகப் பிரிப்பது குளியாட்களே. எந்தக் குவியல் அவர்களுக்கு என்று கை காட்டுவது மட்டும் அரசாங்க ஆள். ரெண்டு பசங்களுக்குக் கேக் கொடுக்கும்போது ஒருத்தன் வெட்டு, இன்னொருத்தன் எடு என்று அம்மா சொல்வாங்களே, அதே லாஜிக். வெட்டுறவன் ஏமாத்தினா அவன் தலையிலேயே விடியும். காலேஜில் இதை கேம் தியரி என்று ஒரு செமஸ்டர் பாடமாக வைத்திருந்தார்கள்.

அரசாங்கப் பங்கை அன்று சாயங்காலமே ஆயிரம் சிப்பி இவ்வளவு என்று ஏலம் விடுவார்கள். சிப்பியைத் திறக்காமல் அப்படியே. உள்ளே முத்து இருக்கிறதா என்று விற்பவனுக்கும் தெரியாது, வாங்குபவனுக்கும் தெரியாது. அதற்கு முன்னாடியே மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுத்து, கழுவி, முத்தை மதிப்பிட்டு, அந்த விவரத்தை எல்லோருக்கும் பொதுவாக அறிவித்துவிடுவார்கள். 1905ல் மட்டும் சுமார் 8 கோடி சிப்பி, அரசுக்கு 25 லட்ச ரூபாய் வருமானம். இவ்வளவு பெரிய வியாபாரம் ஓடியது ரெண்டு பக்கமும் ஒரே அளவு விவரம் தெரிந்ததால்தான் என்பது என் எண்ணம்.

எல்லாரும் அரிச்சந்திரன் என்று சொல்ல வரவில்லை. கரைக்கு வருவதற்குள் சிப்பி தானாக வாய் திறந்தால் முத்தை எடுத்து விழுங்கிவிடுவார்களாம். சந்தேகம் வந்தால் முதலாளி பேதி மருந்து கொடுத்துக் காத்திருப்பாராம். 1803ல் வெளிவந்த பெர்சிவல் என்கிற ராணுவ அதிகாரியின் இலங்கை பற்றிய புத்தகத்தில் இதெல்லாம் இருக்கிறது. முன்பணம் கொடுத்துக் கடனில் கட்டிப்போடும் வழக்கமும் கூடவே உண்டு. அங்கே யார் யாரை ஏமாற்றினார்கள் என்று கணக்குப் போட்டால் குளியாளி பக்கம்தான் நஷ்டம் அதிகம் இருக்கும்.

தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961ல் முடிந்தது. அதற்குள் உலகத்தின் இன்னொரு மூலையில் கல்லும் கயிறும் போய் வேற சாமான் வந்துவிட்டது.

1943, ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்ஸ். பெட்ரோல் தட்டுப்பாட்டால் கார்களை வாயுவில் ஓட்ட எமில் காக்னான் என்ற இன்ஜினியர் ஒரு வால்வு செய்து வைத்திருந்தார். கடற்படை அதிகாரி கூஸ்தோ அவரைப் பார்க்கப் போக, அந்த வால்வுதான் மூச்சு இழுக்கும்போது மட்டும் காற்று கொடுக்கும் 'அக்வாலங்' ஆனது. 1940களின் கடைசியில் அது லாஸ் ஏஞ்சல்ஸில் ரெனே புசோஸ் என்பவரின் விளையாட்டுச் சாமான் கடைக்கு வந்தது. முதல் பத்து விற்றதும் "மார்க்கெட் நிரம்பிவிட்டது, இனி வேண்டாம்" என்று அவர் எழுதியதாக ஒரு கதை சொல்வார்கள். (எங்க புராடக்ட் மேனேஜர் மாதிரியே :-)

அப்போது யார் வேண்டுமானாலும் காசைக் கொடுத்து மாட்டிக்கொண்டு இறங்கலாம். மூச்சை அடக்காதே என்று ஒரு வரி அறிவுரை, அவ்வளவுதான். ஆனால் 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று மேலே வரும்போது ரெண்டு மடங்காகும். அடக்கினால் நுரையீரல் கிழியும். இந்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விற்றால் அது கொலைக்குச் சமம். 1954-55ல் லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட நிர்வாகமே பயிற்சி ஆரம்பித்தது. 1960ல் நாவி, 1966ல் பாடி என்ற பயிற்சி அமைப்புகள் வந்தன. அட்டை காட்டினால்தான் சிலிண்டரில் காற்று என்று கடைகளும் கேட்க ஆரம்பித்தன.

இங்கேதான் சுவாரஸ்யம். பாடியை ஆரம்பித்த இருவரில் ஒருவர் ரால்ஃப் எரிக்சன், நீச்சல் ஆசிரியர். இன்னொருவர் ஜான் க்ரோனின், அக்வாலங் விற்ற அதே யு.எஸ். டைவர்ஸ் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி! பின்னாளில் அந்தக் கம்பெனியின் தலைமைப் பொறுப்புக்கும் வந்தார். அதாவது, கற்றுக்கொடுக்கிறவரும் விற்கிறவரும் ஒருத்தரே என்கிற ஏற்பாடு இந்தத் தொழிலின் அஸ்திவாரத்திலேயே இருக்கிறது. பயிற்சிக் கட்டணத்தைக் குறைத்து வைத்து, சாமான் விற்பனையில் அதை ஈடுகட்டுவது பல கடைகளின் வழக்கம். காற்று நிரப்பும் கம்ப்ரசர் செலவுக்கு, காற்று விற்கும் காசு பத்தாது.

இதில் ஆபத்து இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். ஒண்ணும் தெரியாத புதுசுக்கு விற்காமல் கிடக்கும் சரக்கைத் தலையில் கட்டலாம். சிலிண்டர் வாங்குங்க என்று சொன்னால் உஷார். வாடகைக்கே கிடைக்கும், வெளிநாட்டிலிருந்து கொண்டுவர பெசோ அனுமதி வேணும், அப்புறம் அவ்வப்போது அழுத்தச் சோதனை வேற. ஆனால் நான் செய்தது என்ன? கொட்டில் குளியாளி குவியலை எல்லார் கண் முன்னாலும் பிரித்தார். நான் என் குவியலைச் சட்டைப்பைக்குள் மறைத்துக்கொண்டு, அவருடைய ரெண்டு மணி நேரத்தை அள்ளிக்கொண்டு வந்தேன். "அண்ணே, வெளியில இந்த விலைக்குக் கிடைக்குது, உங்களால எவ்வளவு குறைக்க முடியும்?"னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முடியாதுன்னா, அளவு பார்த்ததுக்கு ஒரு தொகை கொடுத்துட்டு வந்திருக்கலாம். பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

கதைக்கு வருவோம். அண்ணன் ரெகுலேட்டரின் முதல் நிலையைப் பிரித்து விளக்குக்கு நேரா காட்டினார். காற்று நுழையும் இடத்தில் இருக்கும் வடிகட்டி பச்சை பிடித்திருந்தது. சாமான் மேல் தப்பே இல்லை. கழுவும்போது மூடியைப் போடாமல் தண்ணீரில் முக்கியிருக்கிறேன், தண்ணி உள்ளே போய் அரித்திருக்கிறது.

"இங்க வாங்கியிருந்தா முதல் நாளே பக்கெட்டுல முக்கிக் காமிச்சிருப்பேன் தம்பி. விக்கிற எல்லாருக்கும் காமிப்பேன்" என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் ரொம்ப வலித்தது.

அப்போதுதான் சொன்னேன், வீட்ல கேட்கவே இல்லைன்னு. தெரியும் என்றார். போன வாரம் போய் எடுத்துக்கொண்டு வந்தேன். பில்லில் உதிரி பாகமும் கூலியும் மட்டும் இருந்தது. அந்த ரெண்டு மணி நேரத்துக்கும் சேர்த்துப் போடுங்கண்ணே என்றேன். சிரித்துவிட்டு, "மாஸ்க் இன்னும் வாங்கலை இல்ல?" என்றார். வாங்கிட்டேன். விலை கேட்கலை.