கணினியின் நினைவகம் வளர்ந்த கதை



எங்கள் தோட்டத்து நண்பர் ஒருவர் ஒரு நாள் மாலை என்னிடம் வந்தார். “வாத்தியாரே, மகளுடைய பழைய கணினி ஆமைபோல் நகர்கிறது. தவணைக்குப் புதிது எடுத்துவிடலாமா?” என்று கேட்டார். ஒரு மாதச் சம்பளத்திற்கு மேல் போகும் செலவு அது. அவருக்கு நான் சொன்ன வரலாற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

பால் மரம் வெட்டியவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். வாளி சிறிதானால் கொட்டகைக்குப் பல முறை நடக்க வேண்டும். கணினியும் அப்படித்தான். செய்துகொண்டிருக்கும் வேலையை அது நினைவகம் என்னும் வாளியில் வைத்திருக்கிறது. வாளி நிறைந்துவிட்டால், சேமிப்புத் தட்டு என்னும் கொட்டகைக்கு ஓடி ஓடித் திரும்புகிறது. அந்த ஓட்டமே தாமதம்.

தொடக்கக் கால நினைவகம் எப்படி இருந்தது? 1953-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ‘வேர்ல்விண்ட்’ என்ற கணினியில் சின்னஞ்சிறு காந்த வளையங்களைக் கம்பியில் கோத்துப் பொருத்தினார்கள். ஒரு வளையம் ஒரே ஒரு குறியைத்தான் நினைவில் வைக்கும். பின்னாளில் தொழிற்சாலைகளில் இந்த வளையங்களைக் கண் வலிக்கக் கோத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

1960-களின் பிற்பகுதியில் ஐ.பி.எம். நிறுவனத்தின் இராபர்ட் டென்னார்டு புதுவழி கண்டார். நுண்ணிய மின்தேக்கியில் மின்னூட்டத்தை நிறுத்தினார். அது ஓட்டைப் பானைபோல் கசியும். ஆகவே ஒவ்வொரு நொடியிலும் பல முறை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரம் நின்றால் எல்லாம் மறந்துபோகும். 1970-இல் இன்டெல் நிறுவனம் இம்முறையில் 1,024 குறிகள் கொண்ட சில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே நிறுவனம் 1972-இல் நம் பினாங்கு, பாயான் லெப்பாசில் சில்லுகளைப் பொருத்தும் தொழிற்சாலையைத் திறந்தது. நம் தோட்டப்புறத்துப் பெண்கள் பலரும் பின்னர் இத்தகைய மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனார்கள்.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தனியாள் கணினி வந்தது. 1,565 அமெரிக்க வெள்ளி கொடுத்தால் கிடைத்த நினைவகம் 16 கிலோபைட். ஆங்கில எழுத்துகளாகச் சொன்னால் ஏறத்தாழ 16,000 எழுத்துகள்தாம். ஆனால் அதை வடிவமைத்தவர்கள் முன்யோசனைக்காரர்கள். தாய்ப்பலகையில் மூன்று வரிசைக் குழிகளைக் காலியாக விட்டிருந்தார்கள். வரிசைக்கு ஒன்பது சில்லுகளாகச் செருகினால் 64 கிலோபைட் ஆகும். எட்டுச் சில்லுகள் எழுத்தைச் சுமக்கும். ஒன்பதாவது, பெரட்டில் ஆள் எண்ணிக்கையைச் சரிபார்க்கும் கிராணிபோல் கணக்குப் பார்க்கும். கணக்குப் பிசகினால் கணினி நின்றுவிடும்.

1984-இல் வந்த ஆப்பிள் மெக்கின்டாஷில் அந்த வசதி இல்லை. 128 கிலோபைட்டுக்குரிய 16 சில்லுகளும் ஈயத்தால் ஒட்டப்பட்டிருந்தன. நினைவகத்தைக் கூட்ட விரும்பியவர்கள் ஒட்டியதைப் பெயர்த்துப் பெரிய சில்லுகளைப் பொருத்த வேண்டியிருந்தது. கை தவறினால் பலகையே போயிற்று.

இந்த இரண்டு வழிகளும் இன்றும் தொடர்கின்றன. சில கணினிகளில் நினைவகம் ஒட்டப்பட்டிருக்கும். சிலவற்றில் காலிக் குழி இருக்கும். அதனால் வாங்குமுன் திறந்து பார்க்க வேண்டும். மின்கம்பியைக் கழற்றிய பிறகே தொட வேண்டும். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் சில்லைக் கெடுக்கும். ஆகவே முதலில் கணினிப் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ள வேண்டும். பழைய பலகை எந்த வகையை ஏற்குமோ அந்த வகையே பொருந்தும்; வேறு வகையின் வெட்டு வேறிடத்தில் இருக்கும். பொருந்தாததை அழுத்திச் செருகக் கூடாது.

நண்பரின் கணினியைத் திறந்தோம். ஒரு குழி காலியாக இருந்தது. பழைய சாமான் கடையில் பொருத்தமான துண்டு கிடைத்தது. மகளின் பாடம் இப்போது தடையின்றி நடக்கிறது; தவணைக் கடனும் இல்லை.

நேயர்களே, மெதுவாக நடக்கிறது என்பதற்காக ஒன்றைத் தூக்கி எறிய வேண்டாம். அதற்கு என்ன குறைகிறது என்று முதலில் பாருங்கள்.